மாத்தி ஊத்தினது நான்தான்

இல்ல சார், நான்தான். இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. சோப்புத்தண்ணி பாட்டில்ல ஆசிட்டை ஊத்தி வெச்சவன் நான். கேன்ல எழுத்து பொடிசா இருந்துச்சு, கண்ணு சரியாத் தெரியல, மாத்தி ஊத்திட்டேன். அதை சோப்புன்னு நெனச்சு என் சம்சாரம் பாத்ரூம் பக்கெட்ல ஊத்தினா. பக்கெட்ல ஏற்கெனவே ப்ளீச்சு. அவ்வளவுதான் கதை. ப்ளீச்சும் ஆசிட்டும் சேந்தா குளோரின் கெளம்பும். மூக்குக்குள்ள மிளகாய வெச்சுத் தேச்ச மாதிரி இருக்கும். குத்தம் என்னோடது. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, போட்டுடறேன்.

தலைய ஆட்டறீங்க. அது ஆமான்னு ஆட்டறதா, இல்லைன்னு ஆட்டறதா? அந்த மாஸ்க்குக்குள்ள ஒண்ணும் புரியல சார். பரவாயில்ல, கழட்டாதீங்க. மாடிப்படியில இன்னும் வாசம் இருக்கும். குளோரினுக்கு கனம் ஜாஸ்தி. காத்தோட மேல போகாது. படிப்படியா எறங்கி வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் அடியில எட்டிப் பாக்கும், எங்க பில்டிங் செயலாளர் மாதிரி. நெருப்புன்னா தரையோட தவழணும்னு சொல்றோம்ல, இதுக்கு அப்படிப் பண்ணக் கூடாது, நிமிந்து நடக்கணும்... உங்களுக்குப் போயி சொல்றேன் பாருங்க. ஃபயர் சர்வீஸ்காரருக்கே பாடம். பழக்கம் சார், விடமாட்டேங்குது.

அவளுக்கு ஒண்ணும் இல்லதானே? ஆம்புலன்ஸ்ல உக்காத்தி ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. கொஞ்சம் இருமல்தான், பத்து நிமிஷத்துல எறக்கி விட்டுடறோம்னாங்க. அவ உள்ள இருக்கும்போதே நம்ம பேச்சை முடிச்சுக்கலாம்னு பாக்கறேன். எழுதிட்டீங்களா?

என்ன வேலைன்னா... தண்ணி டெஸ்ட் பண்றவன் சார். ஊருக்கெல்லாம் குடிதண்ணி அனுப்பற நிலையத்துல லேப். குளோரின் எவ்வளவு இருக்கு, உப்பு எவ்வளவு இருக்குன்னு தெனம் அளந்து பாக்கற வேலை. ஆமா. ஆமா, குளோரின்தான் என் தொழில். சிரிக்கறீங்களா? கண்ணாடியில மூச்சு படியுதே, சிரிக்கறீங்கதான். சிரிங்க. குளோரின் அளக்கறவன் வீட்டுல குளோரின் கெளம்பி மொத்த பில்டிங்கும் பனியனோட ரோட்டுல நிக்குது. நான் உங்க எடத்துல இருந்தா விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அதோ அந்த வேப்பமரத்துக்குக் கீழ, வெள்ளைத் துண்டு கட்டிக்கிட்டு, பாதி மொகத்துல ஷேவிங் நுரையோட நிக்கறாரே, அவருதான் செயலாளர். அவரு மூஞ்சியப் பாருங்க. அவரோட மகன் கல்யாணத்துல கூட இவ்வளவு சந்தோஷமா நான் பாக்கல. ஏன்னா லிஃப்ட் பக்கத்துல போர்டு மாட்டி இருக்கோம்ல, அதுல வாராவாரம் ஒரு சின்னக் குறிப்பு எழுதி ஒட்டறவன் நான். வீட்டுல கரைசல் கலக்கறது எப்படி, அளக்கறது எப்படின்னு. யாரும் கேக்கல. நானே ஒட்டறேன். குழந்தைங்க எனக்கு மில்லி சார்னு பேரு வெச்சிருக்கு. மில்லிலிட்டர்ல இருந்து வந்த மில்லி சார், வேற மில்லி இல்ல. தண்ணியப் போடறவன்னு நெனச்சு ஒரு கொரியர்காரரு என்கிட்ட கண்ணடிச்சாரு ஒரு நாள்.

ஏன் ஒட்டினேன்னா, இந்த செயலாளராலதான். ஒரு நாள் மாடித் தொட்டி கழுவறாரு. ஒரு பாட்டில் ப்ளீச்சை அப்படியே குபுகுபுன்னு கவுக்கறாரு. சார், பத்து பர்சன்ட் கரைசல் போதும் சார்னு சொன்னேன். சரின்னு பத்து கரண்டி எடுத்து ஒரு வாளித் தண்ணியில போட்டாரு. பத்து பர்சன்ட்னா பத்து கரண்டியாம். வாளி பெருசா சின்னதா, கரண்டி சோத்துக் கரண்டியா மருந்துக் கரண்டியா, அந்தக் கவலையே இல்ல. நான் சொன்னேன், ஒரு பங்கு மருந்துக்கு ஒம்போது பங்கு தண்ணி, ரெண்டும் சேந்துதான் பத்து. அவரு கேட்டாரு, அப்போ ஒண்ணுக்குப் பத்து ஊத்தினா என்ன, ஊரு முழுகிடுமா? முழுகாது. தொட்டி கழுவறதுக்கு ஒம்போதும் பத்தும் ஒண்ணுதான். ஆனா அன்னிக்கு அவர்கிட்ட நான் அதை ஒத்துக்கல.

உக்காருங்களேன். இந்தக் கல்லு மேல உக்காரலாம். நான் நின்னுக்கறேன்.

என்ன கேக்கறீங்க? ஆசிட் எதுக்கு வீட்டுலன்னா? எங்க தண்ணி உப்புத்தண்ணி சார். நான் வேலை பாக்கற எடத்துல இருந்து நல்லாத்தான் போகுது, நடுவுல இந்த பில்டிங் போர்த் தண்ணியையும் கலந்துக்கறாங்க. குழாயில வெள்ளையா படிஞ்சுடும். அதை எடுக்க ஆசிட்டைத் தண்ணியில கரைச்சு வெச்சுப்பேன். எப்பவும் தண்ணிய முதல்ல ஊத்தி அதுல ஆசிட்டைச் சொட்டுச் சொட்டா விடணும். ஆசிட்ல தண்ணிய ஊத்தினா கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். எங்க நிலையத்துல புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, ஆசிட்டு பெரிய மனுஷன், அவரை நாமதான் போயி பாக்கணும்னு நெனச்சுக்காதீங்க, அவருதான் தண்ணிகிட்ட வரணும்.

அளக்கறதும் அப்படித்தான். மேஜையில ஜாடிய வெச்சுட்டு மேல இருந்து எட்டிப் பாத்தா ஒரு கணக்கு காட்டும், குனிஞ்சு கண்ணு மட்டத்துல பாத்தா வேற கணக்கு காட்டும். தண்ணி ஓரத்துல ஏறி நடுவுல குழிஞ்சு நிக்கும். அந்தக் குழியோட அடிமட்டம்தான் அளவு. என் சம்சாரம் கேப்பா, இப்படி மண்டி போட்டு என்கிட்ட ஒரு நாளாவது நின்னிருக்கீங்களான்னு. சமையல் டம்ளர்ல அளக்கக் கூடாது. தூளுன்னா கரண்டியில அள்ளக் கூடாது, தராசுல நிறுக்கணும். ஏன்னா நம்ம வீட்டுக் கரண்டி ஒவ்வொரு தடவையும் ஒரு மனசோட இருக்கும், ஒரு நாள் தட்டையா அள்ளும், ஒரு நாள் குமிச்சு அள்ளும். ப்ளீச்சை வெந்நீர்ல கலக்கக் கூடாது, வீரியம் போயிடும். அன்னன்னிக்கு வேணுங்கறதை அன்னன்னிக்குக் கலக்கணும். குடிக்கற பாட்டில்ல எதையும் ஊத்தி வெக்கவே கூடாது. அதனால நான் மொத்தமா ஒரே மாதிரி பாட்டிலா வாங்கினேன். எல்லாமே பழுப்புக் கலரு, ஒரே உயரம், ஒரே மூடி. பட்டாளம் மாதிரி வரிசையா நிக்கும். ஒவ்வொண்ணுலயும் என் கையால லேபிள். பேரு, அளவு, தேதி. அழகுன்னா அப்படி ஒரு அழகு...

என்ன? என்ன சொன்னீங்க, மாஸ்க்குக்குள்ள இருந்து கேக்கல.

இவ்வளவு தெரிஞ்சவன் எப்படி சார் மாத்தி ஊத்துவான்னா? அதான் சொல்றேனே, கண்ணு. வயசாகுதுல்ல. மூளை ஒண்ணு சொல்லும், கண்ணு ஒண்ணு பாக்கும். ரெண்டு கேனும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு...

ஓ. கழட்டறீங்களா? வாசம் போயிடுச்சா? சரி, அப்போ... அடடா. மேடமா? மன்னிச்சுக்கோங்க மேடம். இவ்வளவு நேரம் சார் சார்னு கூப்பிட்டுக்கிட்டு... இந்தக் கோட்டும் ஹெல்மெட்டும் போட்டா யாருன்னே தெரியல. இல்லல்ல, பாருங்க, இதுவே சாட்சி! கண்ணு சரியில்லன்னு சொன்னேனா இல்லையா? எதிர்ல நிக்கறது ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாத ஆளு கேன்ல இருக்கற எழுத்தை எப்படிப் படிப்பான்? இதையும் சேத்து எழுதிக்கோங்க.

எல்லாரும் அப்படித்தான் ஏமாறுவாங்களா? உங்க வீட்டுக்காரரே ஒரு தடவை ஏமாந்தாரா? சரி, விடுங்க.

ஒரு நிமிஷம் மேடம், குறுக்க பேசறேன். அதோ வாசல் கேட்டுகிட்ட நிக்கறாரே உங்க ஆளு, தோள்ல சிலிண்டர் மாட்டிக்கிட்டு. அவரோட மீட்டர்ல முள்ளு செவப்புக் கோட்டுக்குள்ள போயிடுச்சு. மறுபடி உள்ள போகப் பாக்கறாரு. காத்து தீந்துடும், நிறுத்துங்க. கூப்பிடுங்க மேடம். ஆங். அப்பாடா.

எப்படிப் பாத்தேன்னா... இங்க இருந்தா... ஆமா, அவரு கேட்டுகிட்ட இருக்காரு. ஆமா, மீட்டர் ஒரு ரூபா காசு அளவுதான். செவப்பு கலர்ல இருந்ததால... இல்ல, முள்ளும் தெரிஞ்சுச்சு...

மேடம், எனக்குப் பொய் சொல்ல வராது. எங்க வீட்டுல அந்த டிபார்ட்மென்ட் அவளோடது.

பாட்டிலா? எந்த பாட்டில்? காட்டுங்க. ஆமா, இதான் பாத்ரூம்ல இருந்தது. லேபிள்ல ஆசிட்னுதான் போட்டிருக்கு. என் கையெழுத்துதான். ஜாக்கிரதைன்னு கீழ செவப்புல கோடு கூடப் போட்டிருக்கேன். உள்ள இருக்கறதும் ஆசிட்தானா? காகிதம் நனைச்சுப் பாத்துட்டீங்களா? செவப்பா மாறிச்சா? நல்லா வேலை பாக்கறீங்க. அலமாரியில சோப்புன்னு எழுதின பாட்டில்ல சோப்பு இருக்கு. அதுவும் பாத்தாச்சு. அப்போ நான் எதையும் மாத்தி ஊத்தலன்னு சொல்றீங்க. எல்லா பாட்டில்லயும் எழுதினது எழுதின மாதிரி இருக்குன்னு சொல்றீங்க.

கொஞ்சம் இப்படித் தள்ளி வாங்க. செயலாளருக்குக் காது நீளம்.

அவ இன்னும் ஆம்புலன்ஸ்லதான் இருக்கா? சரி.

காலையில என்ன நடந்துச்சுன்னா, நான் அலமாரிக்கு இந்தப் பக்கம் மேஜையில தூள் நிறுத்துக்கிட்டு இருக்கேன். அவ பாத்ரூமைக் கழுவறா. மெழுகற துணிய ப்ளீச்சுல ஊற வெச்சிருக்கா. சோப்பு எடுக்க வந்தா. நான் ஓரக்கண்ணால பாத்தேன். மூணாவதா நின்ன பாட்டிலை எடுத்தா. எடுத்துட்டு, லேபிள் மேல பெருவிரலால இப்படி மெதுவாத் தடவினா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பூரிப்பு மேடம். என் கையெழுத்தைத் தடவிப் பாக்கறாளாம். இத்தனை நாளா மில்லி மில்லின்னு கேலி பண்ணினவளுக்கு இன்னிக்காவது அருமை தெரிஞ்சுதேன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே தராசுல இன்னொரு சிட்டிகை போட்டேன். அதுக்குள்ள உள்ள இருந்து இருமல் சத்தம்.

ஓடினேன். மஞ்சப் பச்சையா பொகை. அவளைக் கட்டிப் புடிச்சு இழுத்துட்டு வந்து, பாத்ரூம் கதவைச் சாத்தி, ஜன்னலைத் தொறந்து, படியில கூட்டிட்டு எறங்கினேன். எறங்கும்போதே எல்லாக் கதவையும் தட்டிக்கிட்டே வந்தேன். எல்லாரும் பின்னாடியே ஓடி வந்தாங்க. கீழ வந்ததும் கூட்டத்துல அவ கை என் கையை விட்டுப் போயிடுச்சு. நான் உங்க ஆபீசுக்கு போன் போட்டுக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பாத்தா...

இதுதான் மேடம். இதைத்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

அவ செயலாளர் கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. அவரும் வெள்ளைப் பனியன், நானும் வெள்ளைப் பனியன். உயரமும் ஒண்ணுதான், அவருக்குத் தொப்பை மட்டும் கொஞ்சம் அதிகம். நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன். அவ மூஞ்சிய அண்ணாந்து அவரைப் பாத்துக் கேக்கறா, ஏங்க, ரொம்பப் பயந்துட்டீங்களா, எனக்கு ஒண்ணும் இல்லங்க, இப்படி நடுங்காதீங்கன்னு.

நல்ல வெளிச்சம். சூரியன் நேரா அந்த ஆளு மூஞ்சியில அடிக்குது. பாதி மொகத்துல நுரை. அவரைப் பாத்து அவ இதைக் கேக்கறா.

என்கிட்ட அவ அப்படிப் பேசினதே இல்ல மேடம். அதாவது பேசியிருப்பா, ரொம்ப நாளாச்சு. நாங்க பேசிக்கறதெல்லாம் கேலிதான். அன்னிய ஆள்கிட்டப் போயி கொட்டிட்டா, பாவம். அவரு, ஐயோ தங்கச்சி, நான் செயலாளரும்மான்னாரு. குரலைக் கேட்டதும் அவளுக்கு ஒரு நொடி மூஞ்சி செத்துடுச்சு. அடுத்த நொடி சமாளிச்சுட்டா. தெரியும் அண்ணே, உங்களைத்தான் கேட்டேன், பாவம் நுரையோட ஓடி வந்துட்டீங்களேன்னா. அவரு அவளுக்கு பொகை தலைக்கேறிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. நல்ல மனுஷன்தான்.

நான் அங்கேயே நின்னேன். போன்ல உங்காளு ஹலோ ஹலோங்கறாரு. எனக்கு ஒவ்வொண்ணா கண்ணு முன்னால வருது. அவ ரெடிமேட் கடையில ஆல்டரேஷன் டெய்லர். ஊசிக் காதுல நூலை எட்ட இருந்து எறியற மாதிரி கோத்துடுவா, அப்படிப்பட்ட கை. கொஞ்ச நாளா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் என்கிட்ட ஊசிப் பெட்டியக் குடுத்து, மறுநாளைக்கு வேணுங்கற ஊசிக்கெல்லாம் நூல் கோக்கச் சொல்றா. உங்களுக்குத்தான் அளவு பாத்து வெட்டத் தெரியும்னா. நானும் பெருமையா கோத்துக் கோத்துக் குத்தி வெச்சேன். மெசேஜ் வந்தா போனை என்கிட்ட நீட்டுவா, நீங்க படிச்சா நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்குங்கன்னு. நானும் தொண்டைய செருமிக்கிட்டுப் படிப்பேன். போன மாசம் ஒருத்தருக்குப் பேண்ட்டு தெச்சுக் குடுத்தா, ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. அவரு சண்டைக்கு வந்தாரு. இவ அசரல. உங்க காலுதான் ஒண்ணு குட்டையா இருக்கு, டாக்டரைப் போயி பாருங்கன்னு அனுப்பி வெச்சுட்டா. அந்த மனுஷன் நெஜமாவே டாக்டர்கிட்டப் போயிருக்காரு மேடம். இதை எனக்குச் சொல்லி நாங்க ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அவளும் கூடச் சேந்து சிரிச்சா பாருங்க.

லேபிள் எல்லாம் அவ கண்ணுக்கு எழுத்தே இல்ல, வெறும் காகிதம். அலமாரியில மூணாவது எடம்னா சோப்பு. அப்படி எடத்தை வெச்சுத்தான் இவ்வளவு நாளும் எடுத்திருக்கா. நேத்து நான் என்ன பண்ணினேன்னா, லீவு நாள்தானேன்னு எல்லா பாட்டிலையும் எறக்கித் தொடைச்சு, அகர வரிசையில அடுக்கினேன். ரெண்டு 'அ'னா பாட்டிலுக்கு அடுத்து ஆசிட்டு மூணாவதா வந்துடுச்சு, சோப்பு பின்னாடி போயிடுச்சு. அடுக்கி முடிச்சு அவளைக் கூப்பிட்டு காட்டினேன். ரொம்ப நல்லாருக்குங்கன்னா. வேற என்ன சொல்லுவா.

என்கிட்ட ஏன் மறைச்சான்னு கேக்கறீங்களா? என்னைப் பத்தி இவ்வளவு நேரம் கேட்டீங்களே, உங்களுக்கே தெரியலையா? தெரிஞ்சிருந்தா நான் சும்மா இருப்பேனா? சுவத்துல எழுத்துப் பலகை மாட்டியிருப்பேன். டேப்பு புடிச்சு தரையில கோடு கிழிச்சு, இங்க நில்லு, இப்போ படி, நேத்தை விட ஒரு வரி கொறைச்சல்னு காலையும் சாயந்திரமும் அளந்திருப்பேன். லிஃப்ட் பக்கத்துல ஒரு குறிப்பு ஒட்டியிருந்தாலும் ஒட்டியிருப்பேன். கடையில தெரிஞ்சா வேலையும் போயிடும். அதான் சிரிச்சே சமாளிச்சுட்டு இருந்திருக்கா.

நேராக் கேட்டா இல்லைன்னுடுவா மேடம். அப்புறம் இன்னும் உஷாராயிடுவா. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா அவளுக்கு அது பெரிய அவமானம். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தோக்கற வேலை எப்பவும் என்னோடது. அவ தோத்து நான் பாத்ததில்ல. இந்த ஒரு விஷயத்துல வந்து பாக்கணுமா?

அதனாலதான் நான் மாத்தி ஊத்தினேன்னு சொல்றேன். என்னால பாட்டில் மாறிப்போச்சுன்னா அவ மேல தப்பு இல்ல. அவ சரியாத்தான் எடுத்தா, லேபிள்ல சோப்புன்னுதான் இருந்துச்சு, உள்ள இருந்ததுதான் தப்பு. அவளால அந்த லேபிளைப் படிச்சு இல்லைன்னு சொல்ல முடியாது. எனக்கு அதுதான் ஒரே பலம். இன்னியில இருந்து ஒரே மாதிரி பாட்டில் கெடையாது. ஆசிட் பாட்டிலைத் தூக்கியே போட்டுடறேன். ப்ளீச்சு கழுத்துல சணல் கயிறு சுத்திடுவேன், சோப்புக்கு ரெண்டு ரப்பர் பேண்டு. தொட்டாலே தெரியும். ஏன் இந்தக் கூத்துன்னு கேப்பா. என் கண்ணு போயிடுச்சும்மா, எனக்காகத்தான்னு சொல்லிடுவேன்.

அப்புறம் எனக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்ல. நான் தனியாப் போனா டாக்டர் சொல்றதை மறைச்சுடுவேன்னு அவளே கூட வருவா. வராம இருக்கவே மாட்டா, என்னைக் கையைப் புடிச்சு ரோடு தாண்டி கூட்டிட்டுப் போறது அவளுக்குக் கெடைக்கற சந்தோஷம் அப்படி. நான் முன்னாடியே டாக்டருக்கு போன் போட்டு சொல்லி வெச்சுடறேன். வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் உக்காருங்கம்மான்னு அவரு சாதாரணமா சொல்லட்டும். புரையா இருந்தா எடுத்துடலாம். வேற ஏதாவதா இருந்தா... பாத்துக்கலாம். முதல்ல அந்த நாற்காலியில அவ உக்காரணும்.

உங்களைப் பொய் எழுதச் சொல்லல மேடம். உங்க புஸ்தகத்துல நடந்ததை அப்படியே எழுதிக்கோங்க. அவ அதைப் படிக்கப் போறதில்ல. அவ காதுல விழற மாதிரி என்னை ஒரு தடவை திட்டணும், அவ்வளவுதான் கேக்கறேன். நான் சொன்னா நம்ப மாட்டா, நான் தப்பு பண்ணினேன்னா கூட அதுல ஏதோ கணக்கு இருக்கும்பா. நீங்க யூனிஃபார்ம்ல இருக்கீங்க. நல்லா சத்தமா, அந்த மரத்தடி வரைக்கும் கேக்கற மாதிரி. யோவ், உனக்குக் கண்ணு தெரியாதா, சோப்பு பாட்டில்ல ஆசிட்டை ஊத்தி வெச்சிருக்க, முதல்ல போயி கண்ணு டெஸ்ட் பண்ணு, பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போன்னு. வார்த்தை உங்க இஷ்டம். செயலாளர் கேட்டாலும் பரவாயில்ல. அவரு போர்டையே கழட்டுவாரு, கழட்டிட்டுப் போகட்டும்.

எறக்கி விட்டுட்டாங்க. வர்றா. பாருங்க, நேரா நடந்து வர்ற அழகை. யாராவது சொல்ல முடியுமா?

மேடம், அந்த ஹோஸ் குழாய் நடுவுல கெடக்கு. கொஞ்சம் காலால தள்ளி விடுங்களேன். நான் பாத்து வாம்மான்னு சொன்னா அவளுக்குப் புரிஞ்சுடும். ஆங், அப்படித்தான், இன்னும் கொஞ்சம். நன்றிம்மா.

இப்போ திட்டுங்க.